மருதமடு மாதாவும் ஒரு பழைய வழக்கும்

கடவுளைத் தவிர வேறெவரை நோக்கியும் மன்றாடுவது தகுமா என்பது கிறிஸ்தவ உலகில் ஐந்நூறு ஆண்டுகளாகத் தீராது கிடக்கும் ஒரு வழக்கு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இவ்வழக்கின் பொருட்டுச் சிலைகள் உடைந்தன. மனிதத் தலைகளும் உருண்டன. இன்று அங்கே அது பெரும்பாலும் நூலகங்களுக்குள் ஒதுங்கிவிட்டது. மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் நிலைமை அவ்வாறில்லை. அங்கே இவ்வழக்கு இன்னும் வீட்டு முற்றத்தில் நடக்கிறது. தாய் ஒரு கட்சி, மகன் மறு கட்சி. நடுவே சுவரில் மாதா படம் ஒன்று. நாம் வேதசாத்திரம் கற்றவர்களல்லர். எந்தச் சபைக்கும் வழக்குரைக்க வந்தவர்களுமல்லர். ஆயினும் ஒரு கடற்கரையின் மக்கள் யாரை நோக்கிக் கையேந்துகிறார்கள், ஏன் ஏந்துகிறார்கள் என்பது குருமாருக்கும் போதகருக்கும் மட்டுமே உரிய கேள்வியென்று நாம் கருதவில்லை.

முதலில் இரு தரப்பையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே நடுவர் ஒருவரே, அவர் கிறிஸ்துவே எனப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் கூறுகிறது. இதுவே சீர்திருத்தச் சபையாரின் அடிப்படை. மறைந்துபோன அடியாரிடம் மன்றாடும்படி வேதத்தில் கட்டளையும் இல்லை, வாக்குறுதியும் இல்லை என்பது அவர்களது வாதம். 1530இல் எழுந்த அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கை அடியாரை நினைவுகூரலாம், அவர்தம் நடத்தையைப் பின்பற்றலாம், ஆனால் உதவி கேட்டு அழைக்கலாகாது என வரையறுத்தது. ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளுள் 22ஆவது விதி அத்தகைய மன்றாட்டை வேத ஆதாரமற்ற வீண் கற்பனை என்று தள்ளியது. கல்வினுடைய மொழி இன்னும் கடுமையானது. உரோமைத் திருச்சபையோ 1563 டிசெம்பரில் திரிதெந்துச் சங்கத்தின் இறுதி அமர்வில், அடியாரை வேண்டுவது நல்லதும் பயனுள்ளதுமாகும் என்று தீர்மானித்தது. அயலவனைப் பார்த்து ‘எனக்காகவும் வேண்டிக்கொள்’ என்று கேட்பதை எந்தச் சபையும் தடுப்பதில்லை. கடவுளுக்குள் மரித்தவர் உயிரோடிருப்பவரேயென்றால் அவரைக் கேட்பது மட்டும் எவ்வாறு குற்றமாகும் என்பது கத்தோலிக்கரின் வினா. அவர்களுடைய மாதா பிரார்த்தனையைக் கவனித்துக் கேட்டால் ஒரு நுட்பம் புலப்படும். திரியேக தேவனை விளிக்கும் இடங்களில் இரக்கம் கேட்கப்படுகிறது. மாதாவை விளிக்கும் இடங்களிலோ வேண்டுதல் மட்டுமே கேட்கப்படுகிறது. வினைச்சொல் மாறுகிறது. பாடிப் பழகிய நாவுக்கு அம்மாற்றம் தெரியாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது.

கி.பி. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் கடவுளுக்கு மட்டும் உரிய வழிபாட்டையும், திருவுருவங்களுக்குச் செலுத்தும் மரியாதையையும் வேறுபடுத்திக் காட்டியது. கிரேக்கரிடம் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. நம்முடைய தமிழில் கதை வேறு. ‘கும்பிடுதல்’ என்னும் ஒரே சொல்லால் நாம் கடவுளையும் கும்பிடுகிறோம். தாய் தந்தையரையும் கும்பிடுகிறோம். கடன் கொடுத்தவனையும் கும்பிடுகிறோம். கைகள் எல்லாவிடத்தும் ஒன்றுபோலவே குவிகின்றன. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய நூலுக்கு அண்ட்ரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பெயரிட்டார். அங்கே ‘வணக்கம்’ என்பது இறைவனுக்கே உரியது. பின்வந்த கத்தோலிக்கரோ ‘ஆராதனை’யைக் கடவுளுக்கு ஒதுக்கி, ‘வணக்க’த்தை அடியாருக்குக் கொடுத்தனர். சொல்லே படியிறங்கிவிட்டது! இதே அண்ட்ரிக் அடிகளார் 1561இல் மன்னாரிலிருந்து கடிதங்கள் எழுதியவர். 1586இல் அடியார்களின் வரலாறுகளைத் திரட்டித் தமிழில் அச்சிட்டவர். தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் அதுவும் ஒன்று என்பதை நோக்கும்போது, இக்கரையோர மக்களின் கையில் விவிலியம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அடியார் கதைகள் வந்துவிட்டன என்பது தெளிவாகும். பின்னாளில் நேர்ந்த பல குழப்பங்களுக்கு இந்த வரிசைமுறையும் ஒரு காரணம்.

மன்னாரில் இவ்வழக்கு சாத்திர நூலில் தொடங்கவில்லை, இரத்தத்தில் தொடங்கியது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய ஒரு குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் ஏறத்தாழ 600 பேரை 1544இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் படையினர் வெட்டிக் கொன்றனர். மன்னனுக்கு இது ஞானஸ்நானத்தைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று. முத்தும் மீனும் விளைகின்ற ஒரு தீவின் குடிகள் போர்த்துக்கல் அரசனின் குடிகளாக மாறுகின்றனர் என்பதே அவனது அச்சம். அந்த அச்சம் பொய்யுமன்று. 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். ஆயின் வெட்டுண்டவர்களுக்கு இந்த அரசியல் எவ்வளவு தெரிந்திருக்கும்? தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி பெயரால் ஆலயம் இருக்கிறது. அங்கே செல்லும் எளிய மக்கள், திருச்சபையின் முறையான அறிவிப்புக்குக் காத்திராமல், அந்த 600 பேரை நோக்கியும் மன்றாடுகிறார்கள். பெயர் தெரியாத மனிதர்கள், மீன்பிடித்தவர்கள், தம் பாட்டன் பூட்டன் போன்றவர்கள். இவர்களைக் கடவுளுக்குப் போட்டியாக நிறுத்துகிறார்கள் என்று யார் சொன்னாலும் நமக்கு நகைப்பே உண்டாகிறது.

1658இல் மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. கல்வினுடைய கொள்கை இக்கரைக்கு வந்தது அப்போதுதான். அது தனியே வரவில்லை; ஒல்லாந்தக் கம்பனியின் கப்பலில் வந்தது. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. பல்தேயு என்னும் போதகர் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்த கோயில்களைப் பொறுப்பேற்று, சுருவங்களை அகற்றி, பிரசங்க மேடைகளை நிறுவினார். அவர் அறிவாளி; உழைப்பாளி; தமிழ் கற்றவர். 1672இல் வெளியான அவரது நூல் இல்லாவிடின் இப்பகுதியின் பதினேழாம் நூற்றாண்டைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் அவர் பேசிய மேடை யாருடைய மேடை? சீர்திருத்தச் சபையின் திருமுழுக்குப் பதிவு இல்லாதவனுக்குக் கம்பனியின் கீழ் உத்தியோகம் இல்லை. திருமணப் பதிவிலும் இடையூறு. கடவுளை நேரே அணுகலாம், இடையில் எவரும் வேண்டாம் என்று போதித்தவர்கள், ஒரு துண்டு நிலத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளப் போனவனைக் கம்பனியின் பதிவேட்டுக்கு முன்னே நிறுத்தினார்கள்.

லூத்தருடைய நாட்டில் அந்தப் போதனை ஒரு விடுதலைக் குரலாக எழுந்தது என்பதை மறுக்க முடியாது. பாவமன்னிப்புச் சீட்டு விற்றவர்களின் மடியில் கைவைத்த குரல் அது. அதே போதனை மன்னார்க் கரையில் இறங்கியபோது அரச கட்டளையாக உருமாறிவிட்டது. வரலாற்றின் இந்த முரண்பாட்டைக் காணாமல் இங்கே எவரும் ஒரு தரப்பை முற்போக்கு என்றும் மறு தரப்பை மூடநம்பிக்கை என்றும் எளிதாக முத்திரை குத்திவிடக் கூடாது. அதேவேளை, ஒல்லாந்தர் சுருவம் அகற்றியதை எண்ணிக் கண்ணீர் வடிக்கும் கத்தோலிக்க நண்பர்கள், அவர்களுக்கு முன்வந்த போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்ததையும் எண்ண வேண்டும். பழைய கதையென்று தள்ளவும் இயலாது. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், அதே திருக்கேதீச்சர வீதியில் நாட்டப்பட்ட வளைவு பிடுங்கி எறியப்பட்டதை நாடே பார்த்தது. எறிந்தவர்கள் ஒல்லாந்தர் அல்லர்.

திருக்கேதீச்சரத்துக்கு அருகே மாந்தையில் இருந்த கோயிலில்தான் மாதாவின் அந்தச் சிறிய சுருவம் இருந்தது. 1670இல் 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றன என்பது மரபு. ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத மருதமடுவில் அதை வைத்தார்கள். யானையும் பாம்பும் காய்ச்சலும் நிறைந்த காடு அது. இன்றும் மடுவுக்குச் செல்வோர் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து வீட்டில் வைப்பார்கள். பாம்பு தீண்டினால் அது காக்கும் என்பது நம்பிக்கை. (தீண்டியவனை உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள் என்று இவ்விடத்தில் சொல்லிவைப்பது நமது கடமை, மண்ணை மடியில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.) சைவர்கள் அங்கே ஓர் அம்மனைக் காண்கிறார்கள். சிங்கள யாத்திரிகருட் சிலர் பத்தினித் தெய்வத்தைக் காண்கிறார்கள். மடு என்பது அரசு சொன்ன கடவுளை அரசு சொன்ன விதமாக வணங்க மறுத்தவர்கள் அமைத்த இடம் என்பதே நமக்கு முதன்மையாகப் படுகிறது.

அவ்வாறு ஓடியவர்களைத் தேடி 1687இல் கோவையிலிருந்து — தமிழ்நாட்டுக் கோவையன்று, போர்த்துக்கேயக் கோவாவிலிருந்து — மாறுவேடத்தில் யோசப் வாஸ் வந்தார். அவருக்குப் பின் 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் வந்தார். 1742இல் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர் இவர். சமய வாதத்திலும் இவர் வல்லவர். தமிழ்நாட்டிலும் இதே காலத்தில் இவ்வழக்கு சூடுபிடித்திருந்தது. தரங்கம்பாடி லூத்தரன் மிஷனாரை மறுத்து வீரமாமுனிவர் 1728இல் ‘வேதவிளக்கம்’ எழுதினார். அவ்வாதநூல்களை இன்று ஆராய்ச்சியாளரன்றி வேறெவர் படிக்கிறார்? ஆனால் கொன்சால்வெஸ் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தவக்காலந்தோறும் ஒப்பாரி இராகத்தில் வாசிக்கப்படுகிறது. எழுத்தறியாத பெண்களும் அதில் நெடும் பகுதிகளை மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில்தான் நமது கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்காடும் இரு தரப்பினரும் மரியாளை ஒரே விதமாகவே கற்பனை செய்கிறார்கள். அரசன் சிம்மாசனத்தில் இருக்கிறான். குடிமகன் வாசலில் நிற்கிறான். இடையே பரிந்து பேசுபவர் ஒருவர். அத்தகையவர் வேண்டுமென்கிறது ஒரு தரப்பு, வேண்டாமென்கிறது மற்றது. மன்னார்ப் பெண்களின் வியாகுல வாசிப்பைக் கேட்டிருந்த நமக்கோ அங்கே வழக்கறிஞரும் தெரியவில்லை, அரசவையும் தெரியவில்லை. கழுமரத்தில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தியோடு கூடியிருந்து அழுகின்ற பெண்களே தெரிந்தார்கள். செத்த வீட்டில் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்களே, அதே அழுகை. இழந்தவள் இழந்தவளைத் தேடிப் போகிறாள். இது ஆராதனையா வணக்கமா என்று இலத்தீன் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஓசையைக் கேட்கவில்லை.

ஆனால் எல்லா மன்றாட்டும் இத்தகையதன்று. ஒரு கடற்றொழிலாளியின் நாளைப் பாருங்கள். வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. முற்பணம் வாங்கியவன் மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். கச்சேரியில் ஓர் அலுவல் என்றால் நேரே போனவன் பின்னேரம்வரை வாங்கிலில் இருந்துவிட்டுத் திரும்பி வருவான். ‘ஆளைப் பிடித்து’ப் போனவன் அலுவலை முடித்துக்கொண்டு வருவான். பிள்ளைக்கு வேலை வேண்டுமா, ஒரு கடிதம் வேண்டும். இவ்வாறு பிறப்பிலிருந்து இறப்புவரை இடையாட்களின் தயவில் வாழ்பவன் பரலோகத்தையும் ஒரு பெரிய கச்சேரியாகக் கற்பனை செய்வதில் வியப்பென்ன? அங்கேயும் ஆளைப் பிடிக்கிறான். அந்தோனியார் காணாமற்போன பொருளுக்கு, செபஸ்தியார் கொள்ளைநோய்க்கு, மாதா எல்லாவற்றுக்கும். நேர்த்தி வைக்கிறான், மீன்பாடு கண்டால் வெள்ளியில் வள்ளம் செய்து கொடுக்கிறான். பெருநாளில் கூடு தூக்கும் உரிமையும் உபயமும் யாருக்கு என்று பார்த்தால் அங்கேயும் சம்மாட்டி முன்னே நிற்கிறார். இவ்வளவில் சீர்திருத்தவாதியின் கண்டனம் நியாயமானதே. பூமியில் உள்ள தரகு வானத்துக்கும் ஏறிவிட்டது என்று அவன் சொன்னால் நாம் ஆம் என்போம். பூமியில் அத்தரகை அப்படியே விட்டுவிட்டு வானத்தில் மட்டும் அதை ஒழிக்க முடியுமா என்றும் அவனைக் கேட்போம்.

அப்படி ஒழிக்க முயன்றவர்களின் கதை ஒன்று அரிப்பிலும் சிலாவத்துறையிலும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே முத்துக்குளிப்பு நடந்தபோது ‘கடல் கட்டி’ என்று ஒருவன் இருந்தான். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவன். அவன் வந்து தன் சடங்கைச் செய்யாமல் குளியாளி எவனும் நீரில் இறங்கமாட்டான். கிறிஸ்தவக் குளியாளியும் இறங்கமாட்டான். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து 1859இல் வெளியிட்ட நூலில், அக்காலத்துக் கடல் கட்டிகளின் குடும்பத் தலைவனே ஒரு கத்தோலிக்கனாயிருந்தான் என்று எழுதுகிறார். ஓதுபவனின் மதம் மந்திரத்தின் வலிமையைக் குறைக்காது என்பது குளியாளிகளின் கருத்தாம். கடல் கட்டியின்றி முத்துக்குளிப்பில்லை, முத்துக்குளிப்பின்றி அரசிறையில்லை. ஆகவே அடியாரை அழைப்பதே வீண் கற்பனை என்று விதி வகுத்த திருச்சபையைச் சேர்ந்த ஆட்சியாளர், சுறாவுக்கு மந்திரம் ஓதுபவனைத் தம் முத்துக்குளிப்பில் ஒரு வேண்டப்பட்ட ஆளாகவே வைத்திருந்தனர். இலாபம் வரும் இடத்தில் 22ஆவது விதி கண்ணை மூடிக்கொண்டது.

கத்தோலிக்கத் தரப்பிலும் ஒன்று நம்மை உறுத்துகிறது. 1872இல் மேற்றிராணியார் பொஞ்ஞீன் மடுவில் இன்றைய கோயிலுக்கு அடித்தளமிட்டார். 1924 ஜூலை 2இல் பாப்பரசரின் பிரதிநிதி வந்து அச்சிறு சுருவத்துக்கு முடிசூட்டினார். முடி சூட்டப்பட்டவள் யார்? வல்லவர்களைச் சிம்மாசனத்திலிருந்து வீழ்த்துவதும், பசித்தவரை நிரப்பிச் செல்வரை வெறுங்கையாய் அனுப்புவதும் கடவுளின் செயல் என்று பாடியதாக லூக்காவின் சுவிசேஷம் கூறும் நாசரேத்தூர்ப் பெண். அந்தப் பாடலுக்கு 1521இல் விரிவுரை எழுதியவர் மார்ட்டின் லூத்தரே என்பதை இரு தரப்பிலும் பலர் மறந்துவிட்டனர். முடியை மதிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மக்கள் அன்பினால் சூட்டியது அது. ஆனால் அவளை இராக்கினியென்று அழைக்கும் வாய், அவள் பாடிய பாட்டின் பொருளைச் சம்மாட்டியின் முற்றத்திலும் சொல்லத் துணிந்திருந்தால், இக்கரையின் கதை வேறாக இருந்திருக்கும்.

போர் முடிந்த 2009க்குப் பின்னர் மன்னார்க் கரையில் பல சிறு செபக்கூடங்கள் தோன்றியுள்ளன. தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரை, ஓர் ஒலிபெருக்கி; சுருவமில்லை, படமில்லை. கடற்றொழிலாளர் வீடொன்றை நாம் அறிவோம். இளைய மகன் அத்தகைய கூடமொன்றில் சேர்ந்துவிட்டான். தாய் மாதாவின் முன் செபமாலை சொல்லும்போது அவன் திண்ணைக்குப் போய்விடுகிறான். மடு மாதா விக்கிரகம் என்று அவன் முதலில் சொன்ன நாளில் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவனை வெறும் மதவெறியன் என்று தள்ள நம்மால் இயலாது. குடியை விட்டான், கடன் வாங்குவதை விட்டான், யாருடைய சிபாரிசும் இல்லாமல், தன் சொந்தச் சொற்களில், கடவுளோடு உரக்கப் பேசக் கற்றுக்கொண்டான். அதுவரை எவர் முன்னும் நிமிர்ந்து பேசியறியாத ஓர் இளைஞனுக்கு அது சிறிய காரியமன்று. ஒன்றை மட்டும் அவனிடம் கேட்டோம்: வாரந்தோறும் செப விண்ணப்பம் எழுதிப் போதகரிடம் கொடுக்கிறீர்களே, அது என்ன? அவர் உயிரோடிருக்கிறார், மாதா இறந்துவிட்டார் என்றான். தாய் உள்ளேயிருந்து, ‘ஆர் சொன்னது செத்ததெண்டு?’ என்றாள். திரிதெந்துச் சங்கத்தின் வாதமும் அவுக்ஸ்பூர்க் அறிக்கையின் வாதமும் ஒரு கூரையின் கீழ் இரண்டு வசனங்களில் முடிந்துவிட்டன.

உரோமையும் காலப்போக்கில் தன் குரலைச் சற்றே தாழ்த்தியிருக்கிறது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மரியாளுக்குச் செலுத்தும் எந்த வணக்கமும் கிறிஸ்துவின் தனி நடுவர்நிலையைக் குறைக்கவோ கூட்டவோ செய்யாது என்று விளக்கியது. 2025 நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், மரியாளை ‘இணை மீட்பர்’ என அழைப்பது பொருத்தமற்றது என்று எழுதியது. அறிஞர்கள் ஒருவரையொருவர் நெருங்கி வருகிறார்கள், நல்லது. செபக்கூடத்துக்கும் கோயிலுக்கும் இடையேயுள்ள ஒழுங்கையில் அந்த நெருக்கத்தை நாம் இன்னும் காணவில்லை.

மடுவின் பிற்காலக் கதையை வாசகர் அறிவர். 1999 நவம்பர் 20இல் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். 2008 ஏப்ரலில் போர்முனை நெருங்கியபோது குருமார் சுருவத்தை எடுத்துக்கொண்டு கரையோரமாகத் தேவன்பிட்டிக்குச் சென்றனர். 1670இல் கடற்கரையிலிருந்து காட்டுக்கு ஓடிய மாதா, இம்முறை காட்டிலிருந்து கடற்கரைக்கு ஓடினாள். ஓகஸ்ட் மாதத்தில் சுருவம் மடுவுக்குத் திரும்பிவிட்டது. அக்கரை மக்களோ திரும்பவில்லை. கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டு முள்ளிவாய்க்கால்வரை நடந்தார்கள். 2015 ஜனவரி 14இல், யோசப் வாஸைப் புனிதராக அறிவித்த அதே நாளில், பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்து சுருவத்தை உயர்த்தி ஆசீர்வதித்தபோது, கூட்டத்தில் கைகளில் படங்களோடு நின்ற தாய்மார் பலர்.

பரிந்து பேசுதல் என்றால் என்ன என்பதற்கு மன்னார் தந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு சென்றார். கச்சேரிகளின் புள்ளிவிபரங்களையே எடுத்துக்காட்டி, வன்னியில் இருந்த மக்களுக்கும் 2009 மே வரையில் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்த மக்களுக்கும் இடையே 146,679 பேர் கணக்கில் இல்லையே, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். அந்த ஆயர் 2021 ஏப்ரல் 1இல் மறைந்தார். அவர் எழுப்பிய வினாவுக்கு நேரான விடையை அரசு இதுவரை தரவில்லை. அதற்குப் பின்னும் ஓர் ஆணைக்குழு வந்தது. 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் வந்தது. ஒவ்வொன்றின் முன்னும் தாய்மார் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொன்றும் ஒரு படிவம் தந்தது.

நாம் குறிப்பிட்ட அந்த வீட்டில் மூத்த மகனும் அவ்வாறு போனவன்தான். ஆவணி மடுப் பெருநாளுக்கு அத்தாய் அவன் படத்தைக் கொண்டுபோகிறாள். கடவுளிடமே நேரே கேட்கலாமே, ஏன் மாதாவிடம் போகிறீர்கள் என்று நாமும் ஒருநாள் கேட்டோம். இளையவன் திண்ணையில் இருந்தான். எருசலேம் திருவிழாவில் பன்னிரண்டு வயது இயேசு காணாமற்போய், தாயும் வளர்ப்புத் தந்தையும் மூன்று நாள் தேடியலைந்த சுவிசேஷக் கதை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அவவும் மூண்டு நாள் பிள்ளையைத் தேடி அலைஞ்சவ தானே, ஐயா. நான் ரெண்டாயிரத்து ஒம்பதிலை இருந்து தேடுறன். அவவுக்கு விளங்கும்.”

இளையவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகத்துக்கும் தாயின் பெயரால் இதுவரை போன விண்ணப்பங்களையெல்லாம் எழுதியவன் அவனே. பிரதிகளை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு, கூரை ஒழுகாத மூலையில், மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறான். அடுத்த மாதம் இன்னொரு படிவம் நிரப்ப வேண்டுமாம். கிராம அலுவலரின் கையொப்பம் அதற்குத் தேவையாம். அவர் செவ்வாய்க்கிழமைகளில்தான் இருப்பாராம்.